யங் குணகம் 200 வர வேண்டிய இடத்தில் 19 வருகிறது: இழுவிசைச் சோதனையில் எங்கே கோளாறு?

கம்பிக்காரன் எழுதியது:

வணக்கம். பொறியியல் இரண்டாம் ஆண்டு மாணவன். மென்னெஃகுக் கம்பியை இழுத்து முறிக்கும் சோதனையைச் செய்து முடித்துவிட்டோம். பதிவேட்டுக்குக் கணக்குப் போட்டால் மற்ற விடைகள் எல்லாம் பாடநூல் சொல்லும் அளவுக்கு அருகில் வருகின்றன. யங் குணகம் (தகைவைத் திரிபால் வகுத்து வரும் விறைப்பு அளவு) மட்டும் பத்தில் ஒரு பங்குகூட வரவில்லை. விவரங்களைத் தருகிறேன், அனுபவமுள்ளவர்கள் பார்த்துச் சொல்லுங்கள்.

கம்பி 10 மி.மீ. விட்டமுள்ள சாதாரண வட்டக் கம்பி. வரியோ முறுக்கோ கிடையாது, மேலே கருப்புப் படலம் அப்படியே இருந்தது. மூன்று இடங்களில் வெர்னியர் வைத்துப் பார்த்தோம், எல்லா இடத்திலும் 10.0. கேஜ் நீளம் (நீட்சியை அளக்கக் குறித்துக்கொள்ளும் பகுதி) 50 மி.மீ., சென்டர் பஞ்சால் இரண்டு புள்ளிகள் குத்தினோம். மேல் தாடைக்கும் கீழ்த் தாடைக்கும் நடுவே வெற்றுக் கம்பி 220 மி.மீ. இயந்திரம் 400 கிலோநியூட்டன் ஹைட்ராலிக் யூ.டி.எம். (இழுத்தும் அழுத்தியும் சோதிக்கும் பொது இயந்திரம்), வட்ட டயல் உள்ள பழைய வகை. அதில் 40 கிலோநியூட்டன் ரேஞ்சைப் பயன்படுத்தினோம். நீட்சியை கிராஸ்ஹெட்டின் (தாடையைத் தாங்கி நகரும் குறுக்குச்சட்டம்) பக்கத்தில் இருக்கும் அளவுகோலில் வாசித்தோம், அது 0.1 மி.மீ. வரை காட்டும்.

10 கிலோநியூட்டனில் நகர்வு 2.1 மி.மீ., 20 கிலோநியூட்டனில் 2.9 மி.மீ. பிறகு 22.4-இல் முள் நின்றது, 21.6-க்குப் பின்வாங்கிக் கொஞ்ச நேரம் அங்கேயே ஆடிக்கொண்டிருந்தது, அதன்பின் மெல்ல ஏறி 34.2 வரை போனது. அப்புறம் இறங்கத் தொடங்கி 25.1-இல் கம்பி முறிந்தது. துண்டுகளைச் சேர்த்து வைத்து அளந்தால் 50 மி.மீ. 65.5 ஆகியிருந்தது. முறிந்த இடத்தில் விட்டம் 6.2.

என் கணக்கு: 20 கிலோநியூட்டனில் தகைவு (விசையைக் கம்பியின் குறுக்குப் பரப்பால் வகுத்தது) 254.6 மெகாபாஸ்கல். திரிபு 2.9-ஐ 220-ஆல் வகுத்தது, அதாவது 0.0132. யங் குணகம் 19.3 கிகாபாஸ்கல். எஃகுக்கு 200-ஐ ஒட்டி வர வேண்டும். பக்கத்துக் குழு 203 என்று எழுதிக் கையெழுத்தும் வாங்கிவிட்டது. எப்படி வந்தது என்று கேட்டால் சிரிக்கிறார்கள்.

இன்னும் இரண்டு சந்தேகங்கள். 34.2-ஐத் தாங்கிய கம்பி 25.1-இல் ஏன் முறிய வேண்டும்? முள் நின்ற சமயத்தில் கீழே தகட்டில் கருப்பாகப் பொடி உதிர்ந்தது, அது என்ன?


அவசரம் எழுதியது:

தாடை வழுக்கியிருக்கிறது. இறுக்கிப் பிடித்து மறுபடி செய்யுங்கள், சரியாகிவிடும்.


பழைய டயல் எழுதியது:

தம்பி, உங்கள் பெருக்கலும் வகுத்தலும் சரி, டயலில் வாசித்ததும் சரி. அந்த 2.9 மி.மீ. யாருடையது என்பதுதான் வழக்கு.

விடையிலிருந்து பின்னோக்கி வாருங்கள். யங் குணகத்தை 205 கிகாபாஸ்கல் என்று வைத்துக்கொண்டால், 254.6 மெகாபாஸ்கலில் திரிபு 0.00124. 220 மி.மீ. கம்பி முழுவதும் சேர்ந்து நீண்டிருக்கக் கூடியது 0.27 மி.மீ. மட்டுமே. நீங்கள் குறித்ததோ 2.9. மீதி 2.6 மி.மீ.க்கும் கம்பிக்கும் சம்பந்தமே இல்லை. அது தாடையும் திருகுத்தூணும் கிராஸ்ஹெட்டும் சேர்ந்து கொடுத்தது. மெத்தைமேல் ஒருவரை நிற்கவைத்து அவர் தலைக்கு நேராகச் சுவரில் கோடு போட்டு உயரம் பார்த்திருக்கிறீர்கள்.

இழுவிசை இயந்திரத்தில் விசைக்கும் நீட்சிக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்திருப்பதால் விசை எல்லா இடத்திலும் ஒன்றுதான். மேல் தாடையில் 20 என்றால் கம்பியிலும் 20, கீழ்த் தாடையிலும் 20. அதனால்தான் உங்கள் யீல்டு (கம்பி நிரந்தரமாக நீளத் தொடங்கும் தகைவு), உச்ச வலிமை எல்லாம் ஒழுங்காக வந்தன. நீட்சி அப்படியில்லை. ஒவ்வொரு உறுப்பும் தன் பங்குக்கு நீளும், கிராஸ்ஹெட்டின் அளவுகோல் எல்லாவற்றையும் கூட்டித்தான் காட்டும்.

'அவசரம்' வழுக்கல் என்கிறார். இல்லை. தாடை வழுக்கினால் டயல் முள் ஏறுவதும் நிற்பதும் ஏறுவதுமாகத் துள்ளும், கம்பியின் முனையில் நீளவாக்கில் கீறல் விழும். உங்களிடம் இருக்கும் முறிந்த துண்டின் முனையைப் பாருங்கள். பல்தடம் சதுரம் சதுரமாக, விளிம்பு மழுங்காமல் பதிந்திருந்தால் பிடி நன்றாகவே இருந்திருக்கிறது. ஆப்புத் தாடை இழுக்க இழுக்கத்தான் இறுகும், இறுகுவதற்காகவே அது சரிவில் கொஞ்சம் கீழிறங்கியாக வேண்டும். பல் கம்பியின் உடம்பில் புதைய வேண்டும். அந்த இயந்திரம் அப்படித்தான் வேலை செய்யும். எவ்வளவு இறுக்கினாலும் இது போகாது.

ஆப்பின் இந்த இறக்கத்தில் பெரும்பகுதி தொடக்கத்திலேயே நடந்துவிடும். உங்கள் எண்களிலேயே அது தெரிகிறது: முதல் 10 கிலோநியூட்டனுக்கு 2.1 மி.மீ., அடுத்த 10-க்கு வெறும் 0.8. ஆகவே ஆதியிலிருந்து வகுக்காமல் 10-க்கும் 20-க்கும் இடையிலான மாற்றத்தை மட்டும் எடுங்கள். தகைவு வேறுபாடு 127.3, திரிபு வேறுபாடு 0.8-ஐ 220-ஆல் வகுத்தது. விடை 35 கிகாபாஸ்கல். முன்பைவிடப் பரவாயில்லை, ஆனாலும் உண்மையில் ஆறில் ஒரு பங்குதான்.

இங்கேதான் பலர் நம்ப மறுக்கும் இடம் வருகிறது. உங்கள் கம்பியின் விறைப்பைக் கணக்கிட்டால் 1 மி.மீ. நீட்ட 73 கிலோநியூட்டன் வேண்டும். மொத்த ஏற்பாடு 1 மி.மீ. நகர 12.5 கிலோநியூட்டன் போதுமானதாக இருந்தது. இரண்டையும் தொடர்ச்சுருள்களாக வைத்துப் பிரித்தால், இயந்திரமும் பிடியும் சேர்ந்து 1 மி.மீ.க்கு 15 கிலோநியூட்டன். நடுவில் இருக்கும் சுண்டுவிரல் பருமன் கம்பி, அதைப் பிடித்திருக்கும் அவ்வளவு பெரிய இரும்பு மாளிகையைவிட ஐந்து மடங்கு விறைப்பானது. தூண்கள் தடிமனாக இருப்பதைப் பார்த்து ஏமாறக் கூடாது, இளக்கமெல்லாம் ஆப்பிலும் பல்லிலும் மரையிலும்தான் ஒளிந்திருக்கிறது.

வேண்டியது எக்ஸ்டென்சோமீட்டர். கம்பியின் உடம்பிலேயே 50 மி.மீ. இடைவெளியில் இரண்டு கத்தி முனைகளைப் பதித்து, அந்த இரண்டுக்கும் நடுவில் ஏற்படும் நீட்சியை மட்டும் காட்டும் கருவி. 20 கிலோநியூட்டனில் அது காட்ட வேண்டியது 0.062 மி.மீ. அளவுகோலும் கண்ணும் அங்கே உதவாது. 19-ஆம் நூற்றாண்டிலேயே மியூனிக்கில் பௌஷிங்கர் கம்பியின் இரு பக்கமும் சிறு கண்ணாடிகளைப் பொருத்தி, அவை திரும்புவதைத் தொலைநோக்கியால் பார்த்து இந்த நுண்நீட்சியை அளந்தார். உங்கள் ஆய்வுக்கூட அலமாரியைத் துழாவிப் பாருங்கள், டயல் வைத்த ஒன்று பெட்டிக்குள் தூங்கிக்கொண்டிருக்கும்.

பக்கத்துக் குழுவின் 203 எப்படி வந்தது என்று நான் சொல்கிறேன். விடையை முதலில் எழுதிவிட்டுத் திரிபைப் பின்னால் கண்டுபிடித்திருக்கிறார்கள். 220 மி.மீ. நீளத்துக்கு 203 வர வேண்டுமானால் 20 கிலோநியூட்டனில் நீட்சி 0.276 மி.மீ. என்று அட்டவணையில் இருந்தாக வேண்டும். 0.1 மி.மீ.க்குக் கீழே காட்டாத அளவுகோலில் 0.276-ஐ வாசித்த கண் யாருடையது? கையெழுத்துப் போட்டவர் அந்த ஒரு கட்டத்தைப் பார்த்திருந்தாலே போதும். தினமும் கம்பி முறிக்கிற வேலை எனக்கு. எண் அழகாக இருக்கிற அறிக்கையைத்தான் முதலில் சந்தேகப்படுவேன். உங்கள் 19.3 எங்கிருந்து வந்தது என்று உங்களால் சொல்ல முடிகிறது. அந்த 203-க்கு அப்பன் பெயர் தெரியாது.

வேகத்தையும் கவனியுங்கள். வால்வை எவ்வளவு திறந்தீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. இழுவிசைச் சோதனைக்கான பன்னாட்டுத் தரமான ஐஎஸ்ஓ 6892-1-இல் தகைவு ஏறும் வேகத்தை வைத்துச் செய்யும் முறைக்கு எஃகுக்கு நொடிக்கு 6 முதல் 60 மெகாபாஸ்கல் வரை இடம் உண்டு. உங்கள் கம்பிக்கு அது நொடிக்கு அரை கிலோநியூட்டனிலிருந்து 4.7 வரை. விரட்டினால் யீல்டு உயர்த்திக் காட்டும், மென்னெஃகு அந்த விஷயத்தில் ரொம்பவும் ரோஷக்காரன். யீல்டு தொடங்கியதும் வால்வில் கை வைக்காதீர்கள். முள் நின்றுவிட்டதே என்று பதறி எண்ணெயைக் கூடத் திறப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். கீழ் யீல்டு அத்தோடு காணாமல் போய்விடும். விசையைக் காட்டும் கருப்பு முள் பின்வாங்கும்போது, அது தள்ளிக்கொண்டு வந்த சிவப்பு முள் 22.4-இலேயே நிற்கும். பின்னால் கருப்பு முள் திரும்பி வந்து அதைத் தள்ளிக்கொண்டு போய்விடும் என்பதால் அதற்குள் குறித்துக்கொள்ள வேண்டும். குறித்திருக்கிறீர்கள், நல்லது. மேல் யீல்டு 285, கீழ் யீல்டு 275 மெகாபாஸ்கல் என்று இரண்டையும் எழுதுங்கள்.


ஃபெரைட் எழுதியது:

முதல் கேள்விக்குப் 'பழைய டயல்' சொல்லிவிட்டார். மற்ற இரண்டும் என் துறை.

25.1-இல் முறிந்தது ஏன்? 25.1-ஐ நீங்கள் எதால் வகுக்கிறீர்கள் என்று பாருங்கள். தொடக்கப் பரப்பான 78.5 சதுர மி.மீ.ஆல் வகுத்தால் 320 மெகாபாஸ்கல், கம்பி பலவீனமாகிவிட்டதுபோலத் தோன்றும். ஆனால் அந்த நேரத்தில் 78.5 எங்கே இருக்கிறது? முறிந்த இடத்தில் விட்டம் 6.2 என்கிறீர்கள், பரப்பு 30.2 தான். 25,100-ஐ அதால் வகுத்தால் 831 மெகாபாஸ்கல். உச்ச விசையான 34.2-ஐத் தொடக்கப் பரப்பால் வகுத்தால் வரும் 435-ஐப் போல ஏறக்குறைய இருமடங்கு. உலோகம் கடைசிவரை வலுத்துக்கொண்டேதான் போனது, சுமக்க ஆள் குறைந்துவிட்டது.

இரண்டு போட்டிகள் ஒரே நேரத்தில் நடக்கின்றன. இழுக்க இழுக்க உலோகம் கெட்டியாகிறது, அதே சமயம் கம்பி மெலிகிறது. தொடக்கத்தில் கெட்டியாவது ஜெயிக்கும். எங்காவது ஓரிடம் சற்று மெலிந்தால் அந்த இடமே அதிகம் கெட்டிப்பட்டு, நீட்சியை அடுத்த இடத்துக்குத் தள்ளிவிடும். அதனால் கம்பி நெடுகச் சீராக மெலியும். நீள நீளக் கெட்டியாகும் வேகம் குறைகிறது. ஒரு கட்டத்தில் மெலிவை அதனால் ஈடுகட்ட முடியாது. அந்த நொடிதான் 34.2. அதற்குப் பிறகு மெலிந்த இடமே மேலும் மெலியும், கழுத்து விழும், மற்ற பகுதி நீளுவதை நிறுத்திவிடும். மெய்த்தகைவு (அந்தந்த நேரத்துப் பரப்பால் வகுத்த தகைவு) திரிபோடு ஏறும் வேகம் மெய்த்தகைவுக்கே சமமாகும் புள்ளியில் இது நிகழும் என்று கொன்சிடேர் 1885-இலேயே எழுதிவைத்தார்.

இதில் இன்னொன்றும் உண்டு. இயந்திரத்துக்குப் பதிலாக 34.2 கிலோநியூட்டன் எடையைக் கம்பியில் தொங்கவிட்டிருந்தால் 25.1 என்ற எண்ணை நீங்கள் பார்த்திருக்கவே மாட்டீர்கள். கழுத்து விழத் தொடங்கியதும் அதே எடை மெலிந்த இடத்தை ஒரே மூச்சில் பிய்த்திருக்கும். யூ.டி.எம். எண்ணெயைச் சிறுகச் சிறுக விட்டுத் தாடையை நகர்த்துவதால்தான் விசை இறங்க வழி இருக்கிறது. 25.1 என்பது கம்பியின் குணம் மட்டுமன்று, இழுக்கும் விதத்தையும் பொறுத்தது. ஆகவே அதை வைத்து எதையும் வடிவமைக்காதீர்கள். 831-க்கும் ஒரு எச்சரிக்கை: கழுத்துக்குள் உலோகம் அச்சு வழியாக மட்டுமின்றிப் பக்கவாட்டிலும் இழுபடுகிறது, பிரிட்ஜ்மன் திருத்தம் போட்டால் அந்த எண் கொஞ்சம் இறங்கும்.

முறிந்த துண்டைக் குப்பையில் போட்டுவிட்டீர்களா? போடவில்லை என்றால் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஒரு துண்டு கிண்ணம், இன்னொன்று அதற்குள் பொருந்தும் கூம்பு. கிண்ணத்தின் அடி சாம்பல் நிறத்தில் சொரசொரப்பாக, நார் நாராக இருக்கும். சுற்று விளிம்பு ஏறத்தாழ 45 பாகையில் சாய்ந்து வழவழப்பாக இருக்கும். முறிவு நடுவில்தான் தொடங்கியது. உள்ளே மாங்கனீசு சல்ஃபைடு போன்ற கலப்புத் துகள்களைச் சுற்றிச் சிறு குழிகள் திறந்து, ஒன்றோடொன்று சேர்ந்து, நடுவில் வட்டமான பிளவாகின்றன. வெளியே இருந்து பார்க்கும்போது கம்பி முழுதாகத்தான் தெரியும். மிஞ்சிய வளையம் தாங்க முடியாமல் சறுக்கிப் பிரியும் கணத்தில்தான் சத்தம் கேட்கும். முறிந்த உடனே கழுத்தைத் தொட்டிருந்தால் சூடு தெரிந்திருக்கும். உருமாற்றத்துக்குச் செலவான வேலையில் மிகப் பெரும் பகுதி வெப்பமாகத்தான் போகிறது, டெய்லரும் குவின்னியும் 1934-இல் இதை அளந்து காட்டினார்கள்.

கருப்புப் பொடி: சூடாக உருட்டும்போது படிந்த ஆக்சைடு படலம் அது. நொறுங்குமே தவிர நீளாது. மென்னெஃகில் கார்பன், நைட்ரஜன் அணுக்கள் இடப்பெயர்ச்சிக் கோடுகளை (படிக அடுக்கில் இருக்கும் கோட்டுக் குறைகள், இவை நகர்வதால்தான் உலோகம் நிரந்தரமாக நீளும்) சுற்றிக் குடியேறி அவற்றைக் கட்டிப்போட்டிருக்கும். கட்டு அறுபடத் தேவையான விசைதான் மேல் யீல்டு. அறுந்தபின் குறைந்த விசையிலேயே ஓட முடியும், அது கீழ் யீல்டு. கட்டு கம்பி முழுவதும் ஒரே நேரத்தில் அறுபடாது. தாடைக்குப் பக்கத்தில் தொடங்கிப் பட்டையாக நகர்ந்து வரும், இதற்கு லூடர்ஸ் பட்டை என்று பெயர். பட்டை வந்துசேர்ந்த இடத்தில் அடியிலிருக்கும் எஃகு திடீரென்று ஓரிரு சதவீதம் நீண்டுவிட, மேலே இருந்த படலம் பொரிந்து உதிர்கிறது. அடுத்த முறை முள் நிற்கும்போது டயலைப் பார்க்காமல் கம்பியைப் பாருங்கள். பொடி எந்தப் பக்கத்திலிருந்து கொட்டத் தொடங்கி எங்கே போகிறது என்று கண்ணால் பின்தொடரலாம். நான் எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காத காட்சி.


கணக்குப்புலி எழுதியது:

எக்ஸ்டென்சோமீட்டர் இல்லாமலும் ஒரு வழி இருக்கிறதே. 32 மி.மீ. தடித்த கம்பி ஒன்றைப் போட்டு அதே 20 வரை இழுங்கள். அதன் சொந்த நீட்சி 10 கிலோநியூட்டனுக்கு 0.013 மி.மீ. தான், புறக்கணித்துவிடலாம். வரும் நகர்வு முழுவதும் இயந்திரத்துடையது. அதை உங்கள் நகர்விலிருந்து கழித்தால் கம்பியின் நீட்சி தனியே வந்துவிடும்.


பழைய டயல் எழுதியது:

கருத்தளவில் சரி. நெடுக நீளும் பகுதிக்கு, அதாவது யீல்டுக்குப் பிந்தைய வரைகோட்டுக்கு, இப்படிக் கழிப்பது உதவும். யங் குணகத்துக்கு வேண்டாம். 10-இலிருந்து 20 வரையிலான 0.8 மி.மீ.யில் கம்பியின் பங்கு 0.137, இயந்திரத்தின் பங்கு 0.663. பெரிய எண்ணிலிருந்து பெரிய எண்ணைக் கழித்துச் சிறிய எண்ணைத் தேடுகிறீர்கள். இயந்திரத்தின் பங்கு 0.05 மி.மீ. தடுமாறினால் விடை 150-க்கும் 322-க்கும் நடுவே எங்கு வேண்டுமானாலும் வரும். அது தடுமாறாமல் இருக்காது: 32 மி.மீ. கம்பியில் பல் பதியும் விதம் வேறு, ஆப்பு நிற்கும் உயரம் வேறு, தாடையையே மாற்ற வேண்டியிருக்கும்.


கம்பிக்காரன் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. அலமாரியில் எக்ஸ்டென்சோமீட்டர் இருந்தது ஐயா. 50 மி.மீ. கேஜ் நீளம், இரு பக்கமும் ஒவ்வொரு டயல், 0.001 மி.மீ. வரை காட்டுகிறது. ஆசிரியர் அனுமதியோடு அதே கட்டிலிருந்து இன்னொரு துண்டை எடுத்து இழுத்தோம். இடது டயல், வலது டயல், மி.மீ.யில்:

5 கிலோநியூட்டன்: 0.025, 0.009
10 கிலோநியூட்டன்: 0.044, 0.022
15 கிலோநியூட்டன்: 0.061, 0.037
20 கிலோநியூட்டன்: 0.077, 0.051

20-ஐக் குறித்ததும் கருவியைக் கழற்றிவிட்டோம். இரண்டு டயலும் ஒத்துப்போகவே இல்லை. எதை நம்புவது? ஒன்று பழுதா?

'ஃபெரைட்' ஐயா சொன்னபடி பொடியைப் பார்த்தோம். மேல் தாடையிலிருந்து கீழே இறங்கியது, நடுவில் கொஞ்சம் நின்று மறுபடி ஓடியது. இந்தத் துண்டு ஒரு கேஜ் குறியிலிருந்து 14 மி.மீ. தள்ளி முறிந்தது. அதனால் ஏதாவது பாதிப்பு உண்டா?


பழைய டயல் எழுதியது:

பழுது இல்லை. கம்பி கொஞ்சம் வளைந்திருக்கிறது, அல்லது தாடைகள் ஒரே நேர்கோட்டில் இல்லை. இழுக்கும்போது நீட்சியோடு நிமிர்தலும் நடக்கிறது. நிமிரும்போது உட்குழிந்த பக்கம் கூடுதலாக நீளும், எதிர்ப்பக்கம் குறைவாக நீளும். வித்தியாசத்தைப் பாருங்கள்: 5-இல் 0.016, 10-இல் 0.022, பிறகு 0.024, 0.026. நிமிர்வதில் பெரும்பகுதி 10-க்குள் முடிந்துவிட்டது. டயல் பழுதாக இருந்தால் வித்தியாசம் இப்படி அடங்கி வராது.

சராசரி எடுங்கள், வளைவு இரு பக்கமும் அடிபட்டுப் போகும். 0.017, 0.033, 0.049, 0.064. 10-க்கும் 20-க்கும் இடையில் 0.031 மி.மீ., 50-இல் திரிபு 0.00062, தகைவு வேறுபாடு 127.3. விடை 205 கிகாபாஸ்கல். இடது டயலை மட்டும் நம்பியிருந்தால் 193, வலதை மட்டும் நம்பியிருந்தால் 220. ஒற்றை டயல் கருவியை வைத்துக்கொண்டு தசமப் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் எழுதுபவர்களுக்கு இதைக் காட்டுங்கள். நீங்களும் 205.37 என்று எழுதிவிடாதீர்கள். 0.031-இல் கடைசி இலக்கம் ஒன்று மாறினாலே விடை 6 அல்லது 7 மாறும்.

20-இல் கழற்றியது சரியான முடிவு. அடுத்த முறை 18-இலேயே கழற்றுங்கள், 22-இல் யீல்டு காத்திருக்கும்போது 20 என்பது நெருக்கம். யீல்டு நேரத்தில் கருவி மாட்டியிருந்தால் முள் சுற்றிச் சுற்றிப் போய் உள்ளே பல் உடையும்.

14 மி.மீ. விஷயம்: கேஜ் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு 16.7. முறிவு அதைவிடக் குறிக்கு நெருங்கியிருந்தால் கழுத்தின் ஒரு பகுதி குறிக்கு வெளியே போயிருக்கலாம், நீட்சி குறைத்துக் காட்டும். அப்படியும் அந்த எஃகுக்குக் குறிப்பிட்ட குறைந்தபட்ச நீட்சிக்கு மேல் வந்திருந்தால் சோதனை செல்லும். வரவில்லை என்றால்தான் தொல்லை. அதற்காகவே நாங்கள் இரண்டு புள்ளி குத்துவதில்லை, கம்பி நெடுக 5 மி.மீ.க்கு ஒரு மெல்லிய கோடு போட்டுவிடுவோம். எங்கே முறிந்தாலும் அதைச் சுற்றிலும் கோடுகளை எண்ணி நீட்சியைக் கணக்கிட்டுவிடலாம். கோடு ஆழமாக இருக்கக் கூடாது. ஆழமான குறி தானே முறிவை அழைத்துக்கொள்ளும்.

முதல் கம்பியின் 31 சதவீதத்தை எழுதும்போது பக்கத்தில் 50 மி.மீ. கேஜ் நீளம் என்றும் சேர்த்து எழுதுங்கள். கழுத்து ஓரிடத்தில்தான் நீளுகிறது. அதே கம்பியை 200 மி.மீ.யில் அளந்திருந்தால் சதவீதம் இறங்கியிருக்கும். கேஜ் நீளம் விட்டத்தைப் போல 5 மடங்கு என்பது ஐஎஸ்ஓ வழக்கம், அமெரிக்கத் தரமான ஏஎஸ்டிஎம் இ8-இல் 4 மடங்கு. இரண்டு அறிக்கைகளை அருகருகே வைத்து எந்த எஃகு நல்லது என்று சண்டையிடுபவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை.


கம்பிக்காரன் எழுதியது:

மிக்க நன்றி ஐயா. பதிவேட்டில் 205-ஐ மட்டும் எழுதினால் போதுமா, 19.3-ஐ அடித்துவிடலாமா? அடுத்தது வார்ப்பிரும்பு என்று சொல்லியிருக்கிறார்கள்.


பழைய டயல் எழுதியது:

அடிக்காதீர்கள். கிராஸ்ஹெட் நகர்வில் 19.3, அதன் நேர்ப்பகுதியில் 35, எக்ஸ்டென்சோமீட்டரில் 205 என்று மூன்றையும் ஒரே அட்டவணையில் போடுங்கள். தலைப்பில் எந்த நீளம், எந்தக் கருவி என்று எழுதினால் போதும், விளக்கவுரை வேண்டாம். வாய்மொழித் தேர்வில் கேள்வி அங்கிருந்துதான் வரும்.

வார்ப்பிரும்பில் யீல்டைத் தேடி டயலை முறைத்துக்கொண்டிருக்காதீர்கள், கிடையாது. வரைகோடு தொடக்கத்திலிருந்தே வளையும், ஆகவே ஒரே ஒரு யங் குணகம் என்றும் சொல்ல முடியாது, எந்தத் தகைவில் எடுத்தது என்று சேர்த்தே குறிப்பிட வேண்டும். கழுத்து விழாது, முறிவு தட்டையாக, மணி மணியாக இருக்கும். ஆப்புத் தாடையின் பல் பதிந்த இடத்திலேயே ஒடிந்துவிடும் என்பதால் மரை போட்ட முனையோடு கடைந்த துண்டைக் கேளுங்கள். எச்சரிக்கை எதுவும் கொடுக்காமல் ஒடியும். இயந்திரத்துக்கு முன்னால் வலைக்கதவு இருந்தால் சாத்திவிட்டு வால்வைத் திறங்கள்.